தலை மதகு யார் கையில்? ஃபெடிவர்ஸ் பற்றிப் புதியவர்களுக்கு

கோரையாற்றின் கடைமடையில், முத்துப்பேட்டைக்கு வடக்கே எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. எந்தத் தெருவுக்குத் தார்ப்பாய் வேண்டும், எங்கே குடிதண்ணீர் லாரி வரவில்லை என்று வெளியூரில் இருக்கும் நம் ஆட்களுக்குச் சொல்ல, ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சமூக வலைத்தளத்தில் ஊர் பெயரில் கணக்குத் தொடங்கினோம். நிவாரணம் முடிந்த பிறகும் அதை விடவில்லை. மேட்டூர் எப்போது திறக்கிறார்கள், ஆறு பிரியும் இடமான நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன, கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை நனைந்துகொண்டு கிடக்கிறது, எல்லாம் அதில்தான் போட்டோம்.

2022 ஐப்பசியில் ஒருநாள் காலை பார்த்தால் கணக்கு இல்லை. சமூக விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் பதிவு, ஒன்றும் கிடையாது. மேல்முறையீட்டுப் படிவத்தை மூன்று முறை நிரப்பி அனுப்பினோம். மூன்று முறையும் ஒரு நிமிடத்துக்குள் அதே வரி திரும்பி வந்தது. நான்கு வருடப் படங்கள் போயின. புயல் சேதத்துக்குச் சாட்சியாக எடுத்த படங்களும் அதோடு போயின.

பெரியப்பா கேட்டார்: "அவங்க ஆபீஸ் எங்க தம்பி இருக்கு? போய் உக்காந்துருவோம்."

அவர் கேட்டதில் தப்பில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரைப் பிடிப்பார். அவர் கை விரித்தால் செக்‌ஷன் ஆபீஸ். அங்கேயும் நடக்காவிட்டால் ஊரே திரண்டு மறியல். அறுபது வருடமாக அவருக்குத் தெரிந்த முறை அது. மதகு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில், ஒரே கம்பெனியின் கையில் இல்லாத ஃபெடிவர்ஸ் என்ற வலைத்தளக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் தினமும் புழங்கும் பெரிய சமூக வலைத்தளங்களுக்கு ஒரே அமைப்புதான். ஒரு கம்பெனி, அதனுடைய கம்ப்யூட்டர்கள், அதனுடைய விதிகள். நீங்கள் எழுதுவது, உங்கள் நண்பர் பட்டியல், யார் கண்ணில் எது முதலில் படவேண்டும் என்ற முடிவு, எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினால் உங்களுடையதும் சேர்ந்து போகும். ஆர்குட் 2014-ல் மூடியது. கூகுள் பிளஸ் 2019-ல் மூடியது. நம் நாட்டுத் தளம் என்று பலரும் ஆசையாகச் சேர்ந்த கூ 2024 ஜூலையில் மூடியது. வெளிநாட்டுக் கம்பெனியா உள்நாட்டுக் கம்பெனியா என்பதைவிட, ஒரே கம்பெனி என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இதற்கு வேறு வழி உண்டா என்றால், வேறு வழியில் ஓடும் பல விஷயங்களை நாம் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். பிஎஸ்என்எல் நம்பரிலிருந்து ஜியோ நம்பருக்குப் பேச முடிகிறது. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்குக் கடிதம் போகிறது. கூகுள் பேயில் நீங்கள் அனுப்பும் இருபது ரூபாய் டீக்கடை அண்ணனின் போன்பேவில் "பெறப்பட்டது" என்று சத்தம் போடுகிறது. இரண்டும் போட்டிக் கம்பெனிகள். ஆனாலும் பணம் போகிறது. ஏனென்றால் 2016-ல் வந்த யூபிஐ என்ற பொது விதியை இரண்டுமே ஒத்துக்கொண்டிருக்கின்றன. இப்படி வேறு வேறு ஆட்களின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள வகுத்த பொது விதிக்குப் புரோட்டோகால் என்று பெயர்.

சமூக வலைத்தளத்துக்கும் அப்படி ஒரு பொது விதி இருக்கிறது. அதன் பெயர் ஆக்டிவிட்டிபப். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அந்த விதியின்படி பேசிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான சர்வர்களின், அதாவது தளங்களை நடத்தும் கம்ப்யூட்டர்களின், கூட்டத்துக்குத்தான் ஃபெடிவர்ஸ் என்று பெயர். அது ஓர் ஆப்பின் பெயர் இல்லை, ஒரு கம்பெனியின் பெயரும் இல்லை. டெல்டா என்று சொல்கிறோமே, அது எந்த ஆற்றின் பெயரும் இல்லையல்லவா, அதுபோல.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த மென்பொருள் மாஸ்டடான். ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரோஹ்கோ 2016-ல் வெளியிட்டது. பார்க்க ட்விட்டர் மாதிரி இருக்கும். பொதுவாக ஒரு பதிவில் 500 எழுத்து. படம் போட பிக்செல்ஃபெட் இருக்கிறது, வீடியோவுக்குப் பியர்டியூப் இருக்கிறது. மாஸ்டடானில் கணக்கு வைத்திருப்பவர் பியர்டியூபில் இருக்கும் சேனலைத் தன் இடத்திலிருந்தே பின்தொடரலாம். பேஸ்புக்கில் இருந்துகொண்டு யூடியூப் சேனலுக்குச் சந்தா போடுவது போல என்று யோசித்துப் பாருங்கள். அது நமக்கு எவ்வளவு நடக்காத காரியமாகப் படுகிறது என்பதே, எவ்வளவு உயரச் சுவருக்குள் பழகிவிட்டோம் என்று காட்டுகிறது.

பெயரும் ஊரும்

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது முகவரியில். மற்ற தளங்களில் உங்கள் பெயர் மட்டும் போதும். இங்கே பெயரோடு சர்வரின் பெயரும் சேர்ந்து வரும், ஈமெயில் முகவரி மாதிரி. பெரியப்பாவுக்கு இதை விளக்க நான் படாத பாடு பட்டேன். கடைசியில் அவருக்குப் பிடித்த நாகஸ்வரத்தில் போய்ச் சொன்னேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று சொன்னால் ஊரும் பேரும் சேர்ந்துதானே ஆள்? ராஜரத்தினம் என்ற பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், திருவாவடுதுறை என்றதும் யார் என்று தெரிந்துவிடுகிறது. அப்படித்தான் இதுவும். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப நான் எந்த ஊர் சர்வர்னு சேத்து எழுதணும்" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

சர்வர் என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கம்ப்யூட்டர் போதும். மாஸ்டடான் இலவச மென்பொருள், யாரும் எடுத்து நிறுவலாம். ஒரு கல்லூரி வைக்கலாம், ஒரு வாசக சாலை வைக்கலாம், ஒரு ஊர் வைக்கலாம். தனி ஆள் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் உண்டு. சோஷியல்.கூப் என்ற சர்வர் கூட்டுறவுச் சங்கமாகவே நடக்கிறது. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள், முடிவுகளை ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் யாருக்கும் இது புதுசாக இருக்காது.

சரி, ஒரு பதிவு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நான் நாங்கள் சேர்ந்து வைத்திருக்கும் சர்வரில் (அந்தக் கதை பின்னால் வரும்), "மூணாறு தலைப்பில் கோரையாற்று ஷட்டரை ஏற்றிவிட்டார்கள்" என்று எழுதி அனுப்பு பொத்தானை அழுத்துகிறேன். அது முதலில் எங்கள் சர்வரின் டிஸ்கில் உட்காருகிறது. அப்புறம் எங்கள் சர்வர் என்னைப் பின்தொடர்பவர்கள் பட்டியலை எடுக்கிறது. அதில் மூன்று பேர் சென்னையில் ஒருவர் நடத்தும் சர்வரில் இருக்கிறார்கள், ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் சர்வரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு சர்வர்களின் வாசலிலும் கடிதப் பெட்டி போல ஓர் இன்பாக்ஸ் இருக்கும். என் பதிவின் நகலை, இது இன்னாரிடமிருந்துதான் வந்தது என்ற டிஜிட்டல் கையெழுத்தோடு, அந்தப் பெட்டிகளில் போட்டுவிட்டு வருகிறது. எதிர் சர்வர் அந்த நேரம் படுத்துக் கிடந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயற்சி செய்யும். அவர்கள் பதில் எழுதினால் அதே வழியில் என் பெட்டிக்கு வரும். நடுவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு தலைமைக் கம்ப்யூட்டர் எங்கேயும் இல்லை.

நகல் போகிறது என்பதால் இரண்டு விஷயத்தைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பதிவை நீங்கள் அழித்தால், நகல் வைத்திருக்கும் சர்வர்களுக்கு "இதை அழித்துவிடுங்கள்" என்று வேண்டுகோள்தான் போகும். பெரும்பாலும் அழிப்பார்கள். ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொன்று, மாஸ்டடானில் தனிச் செய்தி என்று அனுப்புவது வாட்ஸ்அப் மாதிரி பூட்டிப் போவதில்லை. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். கணக்கு வழக்கு, வீட்டு விஷயம் எல்லாம் அதில் எழுதாதீர்கள். இதை முதல் நாளே சொல்லாமல் ஆள் சேர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

விதிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சர்வருக்கும் அதன் விதி. எங்கள் சர்வரில் சாதி பேசி வம்பிழுத்தால் இடமில்லை. வேறொரு சர்வர் அதை விட்டு வைத்திருந்தால்? அந்தச் சர்வரையே நாங்கள் துண்டித்துவிடலாம், அவர்கள் பேச்சு எங்கள் பக்கம் வராது. 2019-ல் அமெரிக்காவின் காப் என்ற தளம், வெறுப்புப் பேச்சுக்குப் பெயர் போனது, மாஸ்டடான் மென்பொருளை எடுத்து நிறுவிக்கொண்டு உள்ளே வந்தது. இலவச மென்பொருள் என்பதால் அதை யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் மிகப் பெரும்பான்மை சர்வர்கள் அதைத் துண்டித்துவிட்டன. மென்பொருள் கையில் இருந்தும் பேச ஆள் இல்லாமல் போனது. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல், அவரவர் தங்கள் மதகை இறக்கியதால் நடந்தது இது.

நம் நாட்டில் இந்தப் பெயர் பரவலாகக் காதில் விழுந்தது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும், கோபத்தில் நிறையப் பேர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது இரண்டாவது அலை. மாதம் ஒரு தடவையாவது மாஸ்டடானைப் பயன்படுத்துபவர்கள் ஏறக்குறைய 3 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆனார்கள். அதிலும் பலர் தங்கவில்லை. தங்காததற்குக் காரணம் எளிது. பேச வேண்டிய ஆள் அங்கே இல்லை. சந்தைக்கு நாலு பேர் வந்தால்தான் ஐந்தாவது ஆள் வருவார்.

பெரிய கம்பெனி உள்ளே வந்தால்

இனி முக்கியமான இடம். பொது விதி என்றால் எல்லாருக்கும் பொது. பெரிய கம்பெனிக்கும் பொது. அது உள்ளே வந்தால் என்ன ஆகும்?

இதற்கு முன்னால் ஒரு தடவை நடந்திருக்கிறது. 1999-ல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கி, பின்னாளில் எக்ஸ்எம்பிபி என்று பெயர் பெற்ற ஒரு பொது விதி உண்டு. அரட்டைக்கானது. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். 2005-ல் கூகுள் டாக் வந்தது, இதே விதியில். 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களோடு பேசும் வாசலையும் கூகுள் திறந்தது. சின்னச் சர்வர்காரர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திடீரென்று ஜிமெயில் வைத்திருக்கும் அத்தனை பேரோடும் பேச முடிகிறதே!

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். உங்கள் நண்பர்கள் பெரும்பாலும் கூகுளில்தான் இருக்கிறார்கள். சின்னச் சர்வரில் ஏதாவது சின்னத் தொந்தரவு வந்தால், "எதுக்குக் கஷ்டப்படற, பேசாம ஜிமெயில்லயே வந்துடேன்" என்று சொல்கிறார்கள். ஒவ்வொருவராகப் போகிறார்கள். 2013 மே மாதம் கூகுள் ஹேங்அவுட்ஸைக் கொண்டு வந்தது. அதில் வெளிச் சர்வர்களுக்கு வாசல் இல்லை. சின்னச் சர்வரில் மிச்சம் இருந்தவர்களுக்கு ஒருநாள் பட்டியலில் இருந்த பெயர்கள் அணைந்து போயின. கூகுள் டாக்கில் இருந்தவர்களோ யாரையும் இழந்ததாக உணரவே இல்லை, அவர்கள் நண்பர்கள் எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

எக்ஸ்எம்பிபி சாகவில்லை, இன்றைக்கும் ஓடுகிறது. வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் அதன் மாற்று வடிவத்தைத்தான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டது, வெளிக்கதவை மட்டும் திறக்கவே இல்லை. ஸ்மார்ட்போன் வந்த வேகத்துக்கு எக்ஸ்எம்பிபி ஈடு கொடுக்கவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனாலும் அந்தக் கதையில் நான் பார்ப்பது இதைத்தான்: விதி பொதுவாகவே இருந்தது, கூட்டம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பிறகு கதவைச் சாத்த ஒருவரின் முடிவே போதுமானதாக இருந்தது.

யூபிஐயை மறுபடி பாருங்கள். விதி பொதுதான். ஆனால் பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டு ஆப்கள் வழியாகப் போகின்றன. ஒன்று வால்மார்ட்டுக்குப் பெரும்பங்கு உள்ள கம்பெனி, இன்னொன்று கூகுள். எந்த ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2020-ல் விதி கொண்டு வந்தது. அதை அமல்படுத்தும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளி வைக்கிறார்கள். கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்ட பிறகு கலைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

இந்த அனுபவத்தோடுதான் ஃபெடிவர்ஸ்காரர்கள் 2023 ஜூலையில் த்ரெட்ஸ் என்ற ட்விட்டர் மாதிரித் தளம் வந்ததைப் பார்த்தார்கள். மெட்டா, அதாவது பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் கம்பெனி, த்ரெட்ஸை ஆக்டிவிட்டிபப் விதியோடு இணைக்கப் போவதாகச் சொன்னது. ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். மாஸ்டடானின் உச்சக் கூட்டமான 25 லட்சத்தோடு ஒப்பிட்டால் நாற்பது மடங்கு. 2023 டிசம்பரில் சோதனையாகச் சில கணக்குகளை இணைத்தார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பானில் 18 வயதானவர்கள் விரும்பினால் தங்கள் பதிவுகளை வெளியே அனுப்பலாம் என்று திறந்துவிட்டார்கள்.

சர்வர் நடத்துபவர்களில் நூற்றுக்கணக்கானோர், மெட்டா வந்தால் துண்டித்துவிடுவோம் என்று முன்கூட்டியே உறுதிமொழி எழுதினார்கள். ரோஹ்கோவோ இதை வரவேற்றார். பெரிய கம்பெனியே பொது விதிக்கு இறங்கி வருவது நமக்கு வெற்றிதானே, த்ரெட்ஸில் இருக்கும் நண்பரைப் பார்க்க த்ரெட்ஸுக்குப் போகவேண்டியதில்லையே என்பது அவர் பக்கத்து நியாயம்.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். என் கவலை கம்பெனியின் குணத்தைப் பற்றியதைவிட, எடையைப் பற்றியது. நாற்பது பங்கு ஒரு பக்கமும் ஒரு பங்கு மறுபக்கமும் இருக்கும்போது, அந்த நாற்பது பங்குக்காரர் ஒரு புதுவசதியைத் தன் பக்கம் மட்டும் கொண்டு வந்தாலே போதும், நம் பக்கம் ஏதோ குறையுள்ளதாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கெட்ட எண்ணம் கூடத் தேவையில்லை. இந்த எடைக் கணக்கு கம்பெனிகளுக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை. மாஸ்டடானை உருவாக்குபவர்களே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல்தான் அங்கே மிகப் பெரிய சர்வர். 2023-ல் அவர்களுடைய ஆப், புதிதாக வருபவரை முதலில் அங்கே கூட்டிப் போக ஆரம்பித்தது. புதியவருக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நல்லவர் கையில் இருந்தாலும் எல்லா மதகுக்கும் ஒரே சாவி என்பது எனக்கு உவப்பாக இல்லை.

புளூஸ்கை என்ற இன்னொரு தளத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்தது. அது ஏடி புரோட்டோகால் என்ற வேறு விதியில் ஓடுகிறது. விதி திறந்ததுதான், நடைமுறையில் பெரும்பாலானோர் அந்தக் கம்பெனியின் சர்வர்களிலேயே இருக்கிறார்கள். மேலே சொன்ன எடைக் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

பெரிய கம்பெனிகளின் பிடி கண்ணுக்குத் தெரியாத அடிமட்டத்திலும் உண்டு. சின்னச் சர்வர்கள் பலவும் பெரிய கம்பெனிகளின் வாடகைக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. ஆப் இறக்கப் பெரும்பாலும் கூகுள், ஆப்பிள் கடைகளுக்குத்தான் போகவேண்டும். 2020-ல் ஃபெடிவர்ஸ் ஆப்கள் சிலவற்றை நீக்கிவிடுவோம் என்று பிளே ஸ்டோரிலிருந்து எச்சரிக்கை போனது. யாரோ ஒரு சர்வரில் யாரோ எழுதியதற்கு ஆப் செய்தவர் எப்படிப் பொறுப்பாவார் என்று அன்று பெரிய சத்தம் எழுந்தது. நல்லவேளை, பிரவுசரிலேயே திறந்துகொள்ள முடியும் என்ற வழி இருக்கிறது.

சர்வரிலும் தூர் படியும்

2023-ல் நாங்கள் 22 பேர் சேர்ந்து சர்வர் வைத்தோம். ஆளுக்கு மாதம் 50 ரூபாய், மொத்தம் 1,100. கம்ப்யூட்டர் வாடகையும் பெயருக்கான கட்டணமும் அதில் அடங்கிவிடும்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு ராத்திரி, நல்ல மழை. பதினோரு மணிக்குப் பெரியப்பா போன் செய்தார். "தம்பி, எதுவுமே வரல. சுத்திக்கிட்டே இருக்கு." லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் போய்ப் பார்த்தால், 80 ஜிபி டிஸ்க் நிறைந்து ஒரு சொட்டு இடம் இல்லை. எழுத இடம் இல்லாமல் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. நாங்கள் 22 பேரும் போட்ட படங்கள் மொத்தமே 2 ஜிபிதான். மீதி எங்கிருந்து வந்தது? நாங்கள் பின்தொடரும் ஆட்களின் படங்கள். வெளிச் சர்வரிலிருந்து பதிவு வரும்போது அதன் படத்தையும் நம் சர்வர் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் பூனை, யாரோ ஒருவரின் பனிமலை, யாரோ ஒருவரின் காலைச் சாப்பாடு என்று ஆறு மாதமாக அடியில் படிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீரோடு வரும் வண்டல் வாய்க்கால் தரையில் படிவது மாதிரிதான்.

இதற்கு மாஸ்டடானிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. ஏழு நாளுக்கு மேல் பழசான வெளிப்படங்களின் நகலை எடுத்துவிடு என்று சொல்லலாம். மூலப் படம் அதன் சொந்த சர்வரில் பத்திரமாக இருக்கும், ஒன்றும் தொலையாது. கட்டளையை ஓடவிட்டேன். வரி வரியாக எண்கள் ஏறின. 46 ஜிபி வெளியேறியபோது மணி ஒன்று. பெரியப்பா தூங்காமல் இருந்தார். என்னடா ஆச்சு என்று கேட்டவரிடம், "தூர்வாரினேன் பெரியப்பா" என்றேன். "முன்னாடியே வாரியிருக்கணும்ல, தண்ணி வந்தப்புறமா வாருவாங்க?" என்றார். அன்றிலிருந்து வாரம் ஒருவர் முறை வைத்து டிஸ்க்கைப் பார்க்கிறோம்.

குடிமராமத்து என்று நம் பக்கத்தில் சொல்வது இதைத்தான். தண்ணீர் திறப்பதற்கு முன்னால், கோடையில், பாசனம் பெறும் ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்பி வாய்க்காலைச் சுத்தம் செய்யும். அந்த வழக்கம் தளர்ந்தபோது 1858-ல் மதராஸ் அரசாங்கம் அதற்கென்று சட்டமே போட்டுக் கட்டாயமாக்கியது. சமூகமே நடத்தும் வலைத்தளத்துக்கு விலை இந்த உழைப்புதான். கம்பெனிகள் இலவசமாகத் தருகின்றன என்கிறோம், அங்கே விளம்பரத்துக்கு நம்மைக் காட்டி வசூல் செய்துகொள்கிறார்கள். இங்கே விளம்பரம் கிடையாது, அதனால் பணமோ கையுழைப்போ யாராவது போட்டாக வேண்டும். பல சர்வர்களில் அந்த "யாராவது" ஒரே ஒரு ஆளாக இருக்கிறார். 2023-ல் பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்கு இருந்த ஒரு சர்வரை, அதை நடத்தியவர் சண்டைகளில் மனம் வெறுத்து மூடிவிட்டார். பெரிய கம்பெனி மூடினால் என்ன வலியோ அதே வலிதான் அங்கே இருந்தவர்களுக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாஸ்டடானில் வேறு சர்வருக்குக் குடிபோகலாம். உங்களைப் பின்தொடர்பவர்கள் தானாகவே புது முகவரிக்கு மாற்றப்படுவார்கள். பழைய பதிவுகள் கூட வராது, அவற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளத்தான் முடியும். எங்கள் பழைய ஊர்க் கணக்கு போனபோது இவ்வளவு கிடைத்திருந்தாலே போதும் என்று இருந்தது எனக்கு.

ஆகவே புதிதாகச் சேருபவர் சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று பாருங்கள். மாஸ்டடான் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களிடம் ஓர் உடன்படிக்கை வாங்குகிறது: தினமும் காப்பு நகல் எடுக்க வேண்டும், நடத்துபவரைத் தவிர இன்னொருவரிடமாவது அவசரத்துக்குச் சாவி இருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். வெறுப்புப் பேச்சைத் தடுக்கவும் வேண்டும். பட்டியலில் இல்லாத சர்வராக இருந்தாலும் இந்தக் கேள்விகளை நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கிறார் என்பதே பாதி நிம்மதி. செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டு, முடிந்ததைக் கொடுங்கள்.

த்ரெட்ஸை என்ன செய்வது என்று எங்கள் 22 பேரிலும் பேச்சு வந்தது. துபாயில் இருக்கும் தம்பிகள் அதில் இருக்கிறார்கள், விடக்கூடாது என்றனர் சிலர். வேண்டவே வேண்டாம் என்றனர் சிலர். மாஸ்டடானில் திறப்பு, அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை உண்டு. அந்தச் சர்வரின் பதிவுகள் பொது ஓட்டத்தில் கலக்காது, ஆனால் குறிப்பாக ஒருவரைத் தேடிப் பின்தொடர்ந்தால் அவருடையது மட்டும் வரும். ஷட்டரை முழுக்க இறக்காமல் ஒரு சாண் விட்டு வைப்பது போல. ஓட்டெடுத்தோம், 15 பேர் அந்த நடு நிலைக்குக் கை தூக்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பேசுவது என்று வைத்திருக்கிறோம். பெரியப்பா அடைப்புக்குத்தான் ஓட்டுப் போட்டார், இன்னும் அதே கட்சிதான்.

2025 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். எங்கள் பி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று, பெரியப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்து தன் போனில் படம் எடுத்தார். கலங்கலாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீர். "வந்துட்டுது" என்று ஒரே சொல் எழுதிப் போட்டார். சாயங்காலம் ஏழெட்டுப் பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், தன் ஊரிலும் இப்படித்தான் முதல் தண்ணீரைப் பார்க்க வரப்பில் போய் நிற்போம் என்று தமிழில் எழுதியிருந்தார். பெரியப்பா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, அவர் பெயரை விட்டு அதற்குப் பின்னால் இருந்த சர்வரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்.

"இது எந்தப் பக்கத்து ஊர், தம்பி?"